மிளகு கையைக் கட்டிக்கொண்டாள்

ஒரே வீட்டில் இப்படி இரண்டு பேர் வாய்ப்பது அபூர்வம். அவர் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவர். நாள் முழுக்கத் தொட்டு, அமுக்கி, இழுத்து, முகர்ந்து பார்ப்பதுதான் அவருக்குத் தொழில். அவள் அருங்காட்சியகத்தில் நாலாம் அறையின் காவல்காரி. யாரும் எதையும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்குத் தொழில். ரொட்டிக்காரர் ஒரு தக்காளி வாங்கப் போனாலும் பத்துத் தக்காளியை அமுக்கிப் பார்ப்பார். பின்னாலிருந்து அவள், "தொடாம எடுங்களேன்" என்பாள். தொடாமல் தக்காளியை எப்படி எடுப்பது என்று அவர் இதுவரை கேட்டதில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் அன்றைய சாப்பாடு ஆறிப்போகும் என்று தெரிந்துகொண்ட மனிதர்.

நாலாம் அறையில் நாற்பத்தொரு பொருள்கள் இருந்தன. பாதிக்கு மேல் பீங்கான். மிச்சம் கண்ணாடிக் கிண்ணங்கள், ஒரு காது மூளியான மண் குதிரை. அந்தக் காது அவள் வேலைக்கு வருவதற்கு முன்னாலேயே போய்விட்டது என்பதை அவள் எல்லோரிடமும் முதல் வேலையாகச் சொல்லிவிடுவாள். பதினெட்டு வருஷத்தில் அவளுடைய அறையில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அவள் நிற்கும் விதமே தனி. காவலர்கள் கையை முன்னால் வைத்துக்கொள்ளக் கூடாது. காவல்காரி கையை நீட்டி ஒன்றைக் காட்டினால், பார்க்க வந்தவர்களும் கையை நீட்டிவிடுவார்கள். நீட்டின கை தொடாமல் திரும்பாது. ஆகவே வேலைக்குச் சேர்ந்த அன்றே கையைப் பின்னால் கட்டச் சொல்லிவிடுவார்கள். யாராவது வழி கேட்டால் முகவாயால்தான் காட்ட வேண்டும். அது பழகிப் பழகி, வீட்டில் உப்பு டப்பா எங்கே என்று கேட்டாலும் அவள் முகவாயைத்தான் நீட்டுவாள்.

இவர்களுக்கு ஒரே பெண். எட்டு வயது. பிறந்தபோது உள்ளங்கையளவுதான் இருந்தாள், அழுகை மட்டும் ஆஸ்பத்திரியையே தூக்கியது. அதனால் தாய்மாமன் வைத்த பெயர் மிளகு. நிஜப் பெயர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான். பள்ளி விட்டதும் மிளகு நேராக நாலாம் அறைக்கு வந்து, ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஐந்தரைக்கு அம்மாவும் மகளும் சேர்ந்து வீட்டுக்கு நடப்பார்கள். ஒரு நாள் கூட அவளால் நாலாம் அறையில் தொந்தரவு வந்தது கிடையாது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மிளகின் பள்ளி ஆசிரியை அவள் நோட்டில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பும் வரை.

"செய்முறை வகுப்பில் உங்கள் மகள் எதையும் தொடுவதில்லை. காந்தம், உருப்பெருக்கிக் கண்ணாடி, எதைக் கொடுத்தாலும் வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். மூன்று மாதமாக இப்படித்தான். வீட்டில் கண்டிப்பு அதிகமோ?"

கடைசி வரியில்தான் காவல்காரிக்கு உயிர் போயிற்று. நோட்டை மூடிவைத்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை "தொடாதீங்க" என்று சொல்கிறோம், அதில் எத்தனை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற குழந்தையின் காதில் விழுந்திருக்கும் என்று யோசித்தாள். வீட்டில் சொன்னது வேறு இருக்கிறது. அடுப்பைத் தொடாதே, கத்தியைத் தொடாதே, அப்பா மாவைத் தொடாதே.  ஊரார் கையைக் கட்டிப்போடுகிற வேலையில் சொந்தப் பிள்ளையின் கையையும் சேர்த்துக் கட்டிவிட்டேனே என்று அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மிளகிடம் கேட்டும் பார்த்தாள். "ஏன்டா, கிளாஸ்ல நீ எதுவும் செய்யறதில்லையாமே?"

"நான் நல்லா பாக்கறேன்மா" என்றாள் மிளகு. சொல்லிவிட்டு வீட்டுப்பாட நோட்டைத் திறந்துகொண்டாள்.

யோசனை சொன்னவர் தாய்மாமன். காவல்காரிக்கு அண்ணன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் என்பதால் சொந்தபந்தம் முழுக்க அவருக்கு மாஸ்டர் என்றுதான் பெயர். இருபது வருஷம் கற்றுக்குட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, எந்த நாற்காலியில் அமர்ந்தாலும் வலது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். தெரியாத விஷயம் என்று அவருக்கு உலகத்தில் எதுவும் கிடையாது. தெரிந்த விஷயம்தான் கொஞ்சம் குறைவு.

"அறிவியல் கூடம்னு ஒண்ணு இருக்கு. அங்க எல்லாத்தையும் தொட்டுப் பாக்கணும். தொடலைன்னாதான் தப்பு. சனிக்கிழமை கூட்டிட்டுப் போவோம். புள்ள ரெண்டு மணி நேரத்துல சரியாயிடுவா" என்றார் மாஸ்டர். வண்டி ஓட்ட வருகிறவர்களிடம் இரண்டு வாரம் என்று சொல்லி இரண்டு மாதம் இழுக்கிறவர் அவர். இருந்தாலும் காவல்காரி அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை நாலு பேரும் கிளம்பினார்கள். கூடத்தின் வாசலில் ஆளுயரப் பலகையில் "தயவுசெய்து தொடுங்கள்" என்று எழுதியிருந்தது. காவல்காரி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள், யாராவது குறும்புக்கு எழுதிவைத்திருப்பார்களோ என்று.

உள்ளே போனதும் அவள் கண் தடுப்புகளைத் தேடியது. தடுப்புக் கயிறு இல்லை. கண்ணாடிப் பெட்டி இல்லை. இதற்குமேல் வரக்கூடாது என்று தரையில் ஒரு கோடு கூட இல்லை. எல்லாவற்றையும்விட மோசம், காவலுக்கு ஒரு ஆள் இல்லை. நூறு பிள்ளைகள் இருக்கும். ஒருவன் ஒரு சக்கரத்தை எட்டி உதைக்கிறான். ஒருத்தி சோப்புத் தண்ணீருக்குள் முழங்கை வரை கையை விட்டிருக்கிறாள். ஒரு சுவரில் கண்ணாடிப் பந்து பதித்திருந்தது, அதன் மேல் ஐந்து சின்னக் கைகள்.

"பாப்பா, ஒரு அடி தள்ளி நில்லுங்க" என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

பதினெட்டு வருஷத்துக் குரல் அது. கத்தவே கத்தாது, ஆனால் எலும்புக்குள் போகும். ஐந்து கைகளும் இறங்கின. பக்கத்தில் நின்ற இன்னும் நாலைந்து பிள்ளைகளும் சேர்ந்து ஓரடி பின்வாங்கி வரிசையாக நின்றார்கள். யாரோ ஒரு தகப்பன் அவளை அங்கே வேலை பார்க்கிறவள் என்று நினைத்து, கழிப்பறை எங்கே என்று கேட்டான். அவள் முகவாயை நீட்டிக் காட்டினாள். வரும்போதே அதன் பெயர்ப்பலகையைப் பார்த்துவைத்திருந்தாள்.

"லீவு நாள்லயுமா?" என்றார் மாஸ்டர், தலையில் அடித்துக்கொண்டு. "நீ அங்க போய் அந்த மூலையில நில்லு. உன்னால இவங்க வியாபாரமே படுத்துடும்."

ரொட்டிக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. காந்தத்தை நெருக்கினால் முள்முள்ளாக எழுந்து நிற்கிற கறுப்புத் தூள் ஒரு தொட்டியில் இருந்தது. அதை விட்டு அவரை நகர்த்தவே முடியவில்லை. "மச்சான், இங்க வாங்களேன், இது எந்திரிக்குது பாருங்க! ஈஸ்ட் போட்ட மாதிரி!" என்று கத்தினார். மாஸ்டர் வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் கிளட்ச் தத்துவம்தான் மாப்ள" என்றார். அரை மணி நேரத்தில் ஆடிக் கண்ணாடி, காற்றில் மிதக்கும் பந்து, சுழல் நாற்காலி மூன்றுக்கும் கிளட்ச் தத்துவமே காரணமாகிவிட்டது. அந்தச் சுழல் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தவர், கையில் சுழலும் சைக்கிள் சக்கரத்தைப் பிடித்துச் சாய்த்ததும் நாற்காலி சுற்ற ஆரம்பித்துவிட்டது. நிறுத்தத் தெரியவில்லை. வலது கால் காற்றில் பிரேக்கைத் தேடித் தேடி மிதித்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மிளகு சிரித்தாள். காவல்காரி அதைக் கவனித்தாள். சிரிக்கும்போதும் அவளுடைய கைகள் பின்னால்தான் இருந்தன.

எதன் முன்னால் போனாலும் மிளகு சரியாக ஓரடி தள்ளி நின்றாள். முதுகை நேராக வைத்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் இங்கும் அங்கும் ஓட்டினாள். காவல்காரி என்னென்னவோ செய்து பார்த்தாள். "இந்தப் பித்தானை அமுக்கிப் பாரேன்டா." "வேணாம்மா." "அப்பா கூட சேந்து அந்தக் கயிறை இழு." "அப்பா இழுக்கட்டும்மா." ரொட்டிக்காரர் விளையாட்டாக அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். மிளகு கையை உருவி அக்குளுக்குள் சொருகிக்கொண்டாள். அழவில்லை, முரண்டு பண்ணவில்லை. மரியாதையாக மறுத்தாள். அதுதான் காவல்காரியை ரொம்ப வதைத்தது. அழுகிற பிள்ளையைச் சமாதானம் செய்யலாம். இது யாரோ பெரிய மனுஷி மாதிரி நிற்கிறதே!

காவல்காரியின் சொந்த வாயும் சும்மா இருக்கவில்லை. எங்கேயாவது எதுவாவது டமால் என்று விழுந்தால், "பாத்து!" என்று துள்ளிவிடுவாள். உடனே மிளகு திரும்பி அம்மாவைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பாள். நாமே கெடுக்கிறோம், நாமே மருந்து தேடுகிறோம் என்று தன்னையே நொந்துகொண்டாள். ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ரொட்டிக்காரர் தேடிக்கொண்டு வந்தார். கையெல்லாம் கறுப்புத் தூள். "விடும்மா. மாவும் சில நாள் இப்படித்தான். அவசரப்பட்டா எழும்பாது. மூடி வச்சிட்டு வேற வேலையப் பாக்கணும்."

"எல்லாத்தையும் மாவாக்காதீங்க" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "என்னாலதாங்க. நான்தான் இவ கைய முடமாக்கிட்டேன். நாளைக்குப் பெரியவளாகி ஒரு ஊசியில நூல் கோக்கக் கூட பயந்தா யார் பதில் சொல்றது?"

ரொட்டிக்காரர் நெருங்கி வந்தார். அவள் தோளில் கையை வைத்தார். சட்டையில் கறுப்பாக ஐந்து விரல் பதிந்தது. இருவருமே அதைப் பார்க்கவில்லை.

கூடத்தின் இரண்டு கோடியிலும் வீட்டுக் கதவு அகலத்துக்கு இரண்டு பெரிய கிண்ணங்களைச் செங்குத்தாக, ஒன்றையொன்று பார்க்கும்படி நிறுத்தியிருந்தார்கள். ஒன்றுக்குள் முகத்தை வைத்து முணுமுணுத்தால், நாற்பது அடிக்கு அந்தப் பக்கம் இன்னொன்றின் முன்னால் நிற்பவருக்குக் காதோடு சொன்ன மாதிரி கேட்குமாம். நடுவில் நூறு பேர் கத்தினாலும் கேட்குமாம். இதில் எதையும் தொட வேண்டியதில்லை. காவல்காரி மிளகை ஒரு கிண்ணத்தின் முன்னால் நிறுத்திவிட்டு, மறுகோடிக்கு நடந்து போனாள்.

"மிளகு, கேக்குதா?"

"ஐ! கேக்குதும்மா. என் காதுக்குள்ளயே இருக்க."

முகம் தெரியாமல் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. இரண்டு வாரமாக வராத கேள்வி இப்போது வந்துவிட்டது.

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். அம்மான்னா உனக்கு பயமா?"

"எதுக்கு பயம்?"

"எதையாவது தொட்டா திட்டுவேன்னு."

 "நீ திட்டுவதான். ஆனா அதுக்கில்ல" என்றாள் மிளகு.

"அப்புறம் எதுக்குடி கையக் கட்டிக்கிட்டு நிக்கற?"

"டியூட்டிம்மா."

காவல்காரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன டியூட்டி?"

"ஸ்கூல் தொறந்ததும் முதல் செய்முறை வகுப்புல டீச்சர் சாக்பீஸ் எடுக்கப் போனாங்க. நான்தான் முதல் பெஞ்சு. ‘நீ இதையெல்லாம் பாத்துக்கோம்மா, யாரும் ஒடச்சிடாம'ன்னு எங்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க."

"சரி. அப்புறம் திரும்பி வந்தாங்கல்ல?"

"வந்தாங்க. ஆனா மாத்தவே இல்லையேம்மா."

நாலாம் அறையில் ஒரு முறை உண்டு. சாப்பாட்டுக்குப் போக வேண்டுமானாலும் சரி, வீட்டுக்குப் போக வேண்டுமானாலும் சரி, மாற்று ஆள் வந்து அதே இடத்தில் நின்று, நாற்பத்தொரு பொருளையும் எண்ணிவிட்டு, "இருக்கு, நீங்க போங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். அதுவரை நிற்கிறவர் நகரக் கூடாது. போன வருஷம் ஒரு நாள் மாற்று ஆள் வர நாலு மணி ஆகிவிட்டது. பசியில் காது அடைத்தது. காவல்காரி இம்மி நகரவில்லை. அன்று பள்ளி விடுமுறை; காலையிலிருந்தே பெஞ்சில் உட்கார்ந்து மிளகு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசமாவா நிக்கற?" என்றாள் காவல்காரி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. கிண்ணம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

"பதினாறு உருப்பெருக்கி இருக்கும்மா. ஒண்ணு கூட ஒடையல" என்றாள் மிளகு. அந்தக் குரலில் இருந்த பெருமையை என்ன சொல்வது! "காந்தம் ஒண்ணு தொலஞ்சுது. அது நான் காய்ச்சல்ல வராத அன்னைக்கு."

"அப்ப இங்க? இங்க யார் உன்னைப் பாத்துக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. இங்க ஆளே இல்லையேம்மா. எல்லாரும் தட்டறாங்க, இழுக்கறாங்க, மாமா வேற ஏறி ஏறி உக்கார்றாங்க. ஒருத்தராவது பாத்துக்கணும்ல. நீ லீவுல இருக்க."

காவல்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, இரண்டில் எதற்கு வழி விடுவது என்று தெரியாமல் திணறினாள். பயம் இல்லை. கை முடமாகவும் இல்லை. இந்தப் பொடிசு அம்மாவைப் பார்த்து, அம்மா செய்வது பெரிய வேலை என்று நம்பி, தானும் அதை மூன்று மாதமாகச் செய்துகொண்டிருக்கிறது. பதினெட்டு வருஷத்தில் அவளுடைய வேலையை இத்தனை மதித்தவர்கள் யாரும் இல்லை. மேலதிகாரி கூட நாலாம் அறையை மூன்றாம் அறை என்றுதான் சொல்வார்.

"அம்மா? ஏன் பேச மாட்டேங்கற? நான் சரியா நிக்கலையா?"

"என்னைவிட நல்லா நிக்கற, தங்கம்" என்றாள் காவல்காரி. "அங்கயே இரு. வந்துட்டேன்."

கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்தக் கோடிக்குப் போனாள். ரொட்டிக்காரரும் மாஸ்டரும் என்னமோ ஏதோ என்று பின்னாலேயே ஓடி வந்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவே இல்லை. மிளகுக்குப் பக்கத்தில் போய் நின்று, முதுகை நிமிர்த்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எத்தனை?"

"இந்த ஹால்ல இருபத்தேழு. ரெண்டுல ரிப்பேர்னு எழுதியிருக்கு" என்றாள் மிளகு.

காவல்காரி விளையாட்டாக எண்ணவில்லை. ஒவ்வொன்றாக முகவாயை நகர்த்தி முழுசாக எண்ணினாள். இடையில் எண்ணிக்கை தவறியதும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். மாஸ்டர் வாயைத் திறக்கப் போனார். ரொட்டிக்காரர் கறுப்புக் கையால் அவர் வாயைப் பொத்திவிட்டார்.

"இருபத்தேழும் இருக்கு" என்றாள் காவல்காரி. "ஸ்கூல்ல இருக்கற பதினாறையும் சேத்து நான் ஏத்துக்கறேன். திங்கக்கிழமை வந்து டீச்சர்கிட்டயும் சொல்லிடறேன். நீ போ."

"நிஜமாவே?"

"நிஜமா. நீ போகலாம்."

மிளகு பின்னாலிருந்து கைகளை முன்னால் கொண்டுவந்தாள். விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். முதலில் பக்கத்திலிருந்த கிண்ணத்தின் விளிம்பை ஒரு விரலால் தொட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்தது ஓட்டம்தான்.

அப்பப்பா, அதற்குப் பிறகு அந்தக் கைகள் பட்ட பாடு! மூன்று மாதத்துப் பாக்கி முழுவதையும் அரை மணி நேரத்தில் தீர்த்துவிடுவது போலத் தட்டினாள், இழுத்தாள், சுற்றினாள். சோப்புத் தண்ணீரில் முக்கின வளையத்தைத் தூக்கி, அப்பாவைக் குமிழுக்குள் நிற்க வைத்தாள். கறுப்புத் தூளைக் கன்னத்தில் பூசிக்கொண்டாள். காவல்காரி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. காவலை வாங்கிக்கொண்டவள் நிற்கத்தானே வேண்டும். ஆனால் இவ்வளவு சந்தோஷமாக அவள் காவல் நின்றது கிடையாது. மகள் எதைத் தொட்டாலும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

கூடத்தின் நடுவில் ஒரு தண்ணீர் இயந்திரம் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் ஒரு சுருள் குழாய் கீழ்த் தொட்டித் தண்ணீரை மேலே ஏற்றும். அங்கிருந்து அது ஒரு சக்கரத்தின் மேல் கொட்டும். சக்கரம் சுற்றி ஒரு மணி அடிக்கும். மிளகு இரண்டு கையாலும் சுற்றினாள். மணி அடித்தது. இன்னும் வேகமாகச் சுற்றினாள். மணி விடாமல் அடித்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் "இன்னும், இன்னும்!" என்று கூவினார்கள்.

டக்கென்று ஒரு சத்தம். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

மணி நின்றது. தண்ணீர் சரசரவென்று கீழே இறங்கியது. "ஐயையோ, இவ ஒடச்சிட்டா!" என்றது ஒரு குரல்.

மிளகின் முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்த கைப்பிடியைப் பார்த்தாள். ஓசைப்படாமல் குனிந்து அதைத் தரையில் வைத்தாள். நிமிர்ந்து, இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனாள்.

அதைப் பார்த்ததும் காவல்காரிக்குப் பகீர் என்றது. காவல் நிற்கிற கை எது, பயந்து ஒளிகிற கை எது என்று அவளுக்குத் தெரியாதா? இதுவரை இருந்தது காவல். இது பயம். இப்போது உள்ளே போன கை, நாம் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் இனி வெளியே வராது. "பாத்து செய்யக் கூடாதா" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதைப் பல்லைக் கடித்து விழுங்கினாள்.

அவள் இயந்திரத்தை அடைவதற்குள், நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் கருவிப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். அங்கே பழுது பார்க்கிறவள். காவல்காரி இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"மேடம், இது என் காவல்ல நடந்தது. பொறுப்பு என்னோடது. எங்க வேணும்னாலும் எழுதிக் கொடுக்கறேன். குழந்தைய ஒண்ணும் சொல்லாதீங்க."

நீலக் கோட்டுக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னத்தை எழுதிக் கொடுக்கப் போறீங்க?"

"ஒடஞ்சதுக்கு."

"ஒடையலைங்க, கழண்டிருக்கு. வாரத்துல நாலு தடவை கழலும். ஒரு வாரம் கழலலைன்னா, யாரும் இந்தப் பக்கம் வரலையோன்னு எனக்குத்தான் கவலையாயிடும்" என்று சிரித்தவள், கைப்பிடியையும் அதை இறுக்கும் ஒரு மரையையும் திருகு சாவியையும் மிளகிடம் நீட்டினாள். "நீயே மாட்டிடறியா பாப்பா?"

மிளகு தலையை ஆட்டி மறுத்தாள். ஓரடி பின்னால் போனாள். கைகள் பின்னாலேயே இருந்தன.

 காவல்காரி நீலக் கோட்டுக்காரியிடமிருந்து மூன்றையும் வாங்கிக்கொண்டாள். "நான் மாட்டறேன்" என்றாள்.

அவள் இதை ஒரு தந்திரமாகச் செய்தாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். காவலில் நடந்த தவறைக் காவல்காரி சரி செய்ய வேண்டும் என்ற ஒரே நினைப்பு. ஈரத் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தாள். வாழ்நாளில் திருகு சாவியைப் பிடித்தவள் இல்லை. கரண்டி பிடிப்பது போலப் பிடித்தாள். கைப்பிடியை ஒரு பக்கம் சொருகினாள், சேரவில்லை. மறுபக்கம் சொருகினாள், சேரவில்லை. மரை வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. விரலெல்லாம் மசகு. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கியதில் நெற்றியிலும் மசகு. "இது கியர் மாதிரி, இடது பக்கமா..." என்று மாஸ்டர் ஆரம்பித்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மிளகு ஓரடி முன்னால் வந்தாள். கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"அம்மா, தலைகீழா இருக்கு."

"எது?"

"கைப்பிடி. அதுல ஒரு பள்ளம் இருக்கு பாரு. அது மேல வரணும்."

"இப்படியா?"

"இல்ல."

"இப்படியா?"

"ஐயோ, அந்தப் பக்கம்மா! அது இல்ல, இன்னொரு அந்தப் பக்கம்!"

மரை மூன்றாம் தடவையாகத் தண்ணீரில் விழுந்தது. மிளகுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கையும் பின்னாலிருந்து பாய்ந்து வந்து அம்மாவின் கைகளைத் தள்ளின.

"கைய எடும்மா! நீ பண்ணா இன்னும் கெட்டுடும்."

காவல்காரி கையை எடுத்துக்கொண்டாள். மிளகு சட்டை நனையத் தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டு மரையைத் துழாவி எடுத்தாள். கைப்பிடியைத் திருப்பிப் பள்ளத்தில் பொருத்தினாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, திருகு சாவியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்க ஆரம்பித்தாள்.

ரொட்டிக்காரர் குனிந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். கண்ணீர் மசகோடு கலந்து கன்னத்தில் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. "என்னம்மா? ஏன் அழற?"

"இவ என்னைத் திட்டிட்டாங்க" என்றாள் அவள். முகமெல்லாம் சிரிப்பு. "கையை எடுன்னுட்டா. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? பேசாம இருங்க, இன்னொரு தடவை திட்டுவாளான்னு பாக்கறேன்."

மிளகு தலையை நிமிர்த்தவே இல்லை.

"ரெண்டு பேரும் வெளிச்சத்த மறைக்காம தள்ளி நில்லுங்க" என்றாள்.

இருவரும் அவசர அவசரமாகத் தள்ளி நின்றார்கள்.